நாளைக்குப் பொங்கல், கடை ஏழு மணிக்கு மூடிவிடும்

குழு: திருச்சி வீடு
சனிக்கிழமை, 14 ஜனவரி 2023 (மாலை, ஜெர்மனியின் டார்ட்மண்ட் நேரம்)

அம்மா, 4.31
பாப்பா, நாளைக்குப் பானை வைக்க எல்லாம் வாங்கியாச்சா?

நான், 4.33
இல்லம்மா. காலையில் போகலாம் என்று இருந்தேன். இப்போதுதான் கீழ் வீட்டு அம்மா சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமை இங்கே மளிகைக்கடை ஒன்றுகூடத் திறக்காதாம்.

சித்தி, 4.33
ஐயோ

அண்ணன், 4.34
போன வாரமே சொன்னேன்

நான், 4.34
சொல்லவில்லை

அண்ணன், 4.34
மேலே போய்ப் படி

பெரியப்பா, 4.39
பாப்பா சொல்வது சரிதான். 1919இல் ஜெர்மனியர்கள் எழுதிய வைமர் அரசியல் சாசனத்திலேயே 139வது பிரிவு ஞாயிறு ஓய்வு நாள் என்கிறது, இப்போதைய சாசனமும் 140வது பிரிவில் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் பங்க், ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கலாம். ஆனால் ரயில் நிலையத்தில் பாசிப்பருப்பு கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

அம்மா, 4.40
மாமா, அவள் முதலில் கிளம்பட்டும்

அப்பா, 4.40
பை எடுத்துக்கொள்

நான், 4.42
மஞ்சள் பை எடுத்துவிட்டேன்பா. தமிழ்க்கடை ஏழு மணிக்கு மூடிவிடும். நடந்தே போகிறேன், முக்கால் மணி நேரம் ஆகும். வழியில் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் பாலும் நெய்யும் வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா, 4.43
நெய் ஏன் வாங்குகிறாய்? அத்தனை நெய் உருக்கிக் கொடுத்தேனே

அண்ணன், 4.43
அம்மா, ஐரோப்பாவுக்குள் பால், நெய், இறைச்சி எதையும் பெட்டியில் கொண்டுபோக முடியாது. ஏர்போர்ட்டிலேயே எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டாள்.

அம்மா, 4.44
அந்த நெய் எங்கே?

அண்ணி, 4.46
தோசைக்கு ஊற்றித் தீர்த்தாகிவிட்டது அத்தை

அம்மா, 4.46
இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை

நான், 5.28
பால் வாங்கிவிட்டேன். தள்ளுவண்டியை எடுக்க ஒரு யூரோ நாணயம் செருக வேண்டும், என்னிடம் சில்லறை இல்லை, எல்லாவற்றையும் கையில் அணைத்துக்கொண்டே வரிசையில் நின்றேன். அப்புறம் பில் போடும் பெண் பொருளைத் தள்ளும் வேகம் இருக்கிறதே, நான் பாலைப் பைக்குள் வைப்பதற்குள் நெய் வந்து என் கையில் இடிக்கிறது, எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். இங்கே நெய்க்குப் பெயர் புட்டர்ஷ்மால்ட்ஸ், வெண்ணெய் உருக்கியதுதான். பால் 3.5 சதவீதம் கொழுப்பு உள்ளது. பொங்குமாம்மா?

அம்மா, 5.29
பொங்கும். தண்ணீர் சேர்க்காதே

அத்தை, 5.30
தண்ணீர் பாட்டில் வாங்கினால் காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதே, திருப்பிக் கொடுத்தால் காசு தருவார்கள் என்று எங்கள் தெருவில் ஒருவர் சொன்னார்

நான், 5.31
ஆமாம் அத்தை, பாட்டிலுக்கு 25 சென்ட், நம் காசுக்கு 22 ரூபாய். பத்து சேர்த்து வைத்திருக்கிறேன்.

சித்தி, 5.31
எந்தப் பானையில் வைக்கப்போகிறாய்?

நான், 5.32
குக்கரில்தான் சித்தி, மூடி போடாமல்

அம்மா, 5.33
பாட்டியின் வெண்கலப் பானை இருந்தால் நான் அப்போதே கொடுத்து அனுப்பியிருப்பேன்

சித்தி, 5.33
கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் அக்கா

அம்மா, 5.34
2011இலிருந்து கேட்கிறேன்

அப்பா, 5.34
விடு

பெரியப்பா, 5.41
நேரம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஞாயிறு நமக்கு எமகண்டம் 12 முதல் 1.30, ராகு காலம் 4.30 முதல் 6. பாப்பா இருக்கும் இடத்தில் சூரியன் எழுவதே காலை 8.30க்குத்தான், அப்போது நமக்கு மதியம் 1 மணி, சரியாக எமகண்டத்தின் நடுவில். ஆனால் இந்தக் கணக்கே அந்தந்த ஊர்ச் சூரியனை வைத்துத்தான், பகலை எட்டாகப் பிரிப்பது. அங்கே தை மாதத்தில் பகல் குறைவு, ஒரு பங்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும், எமகண்டம் 12.40 வாக்கில்தான் தொடங்கும். ஆகவே அவள் உதயத்துக்கு வைப்பதில் தோஷமில்லை.

அம்மா, 5.42
நாங்கள் வைக்கும்போது அவளும் வீடியோவில் வைத்தால்தான் எனக்கு மனசு ஆறும்

அண்ணன், 5.42
நாம் காலை பத்துக்கு வைத்தால்கூட அவளுக்கு 5.30. இருட்டு.

அத்தை, 5.43
சூரியனுக்குத்தானே பொங்கல், இருட்டில் யாருக்கு வைப்பாள்?

சித்தி, 5.43
👆

நான், 6.24
கிடைத்துவிட்டது! எல்லாம்! ரைனிஷ தெருவுக்கு வந்துவிட்டேன். பழைய பீர் ஆலைக் கட்டடத்தின் உச்சியில் பெரிய யூ எழுத்து ஒன்று எரிகிறது, அதைக் குறி வைத்தே நடந்தேன். தூறல். சாலை காலியாகக் கிடந்தாலும் சிக்னல் சிவப்பில் ஒருவரும் கடப்பதில்லை, நானும் நனைந்துகொண்டே நின்றேன். கடையில் ஓர் ஈழத்து அக்கா. வெல்லம் இருக்கிறதா என்றேன். "சர்க்கரையோ பிள்ளை?" என்றார். இல்லை அக்கா, சர்க்கரை வீட்டில் இருக்கிறது, வெல்லம்தான் வேண்டும் என்றேன். அவரும் "அதைத்தான் கேக்கிறன், சர்க்கரை" என்கிறார். இரண்டு மூன்று முறை இப்படியே. இல்லை போலிருக்கிறது என்று திரும்பப் பார்த்தேன், அதற்குள் அவர் உள்ளே போய் ஒரு பாக்கெட்டை எடுத்துவந்து கண் முன் வைத்தார். உருண்டை வெல்லம்! அவர்களுக்கு வெல்லம்தான் சர்க்கரை, நம் சர்க்கரை அவர்களுக்குச் சீனி.

அத்தை, 6.25
திருநெல்வேலியிலும் சீனிதான். கல்யாணமாகி வந்த புதிதில் நான் சர்க்கரை என்று கேட்டால் என் மாமியார் என்னையே பார்ப்பார்

பெரியப்பா, 6.26
அதனால்தானே சர்க்கரைப் பொங்கல் என்று பெயர். வெல்லத்தில் செய்வதற்கு வேறு எப்படி அந்தப் பெயர் வரும்?

அம்மா, 6.26
பச்சரிசி? பருப்பு?

நான், 6.28
இரண்டும் வாங்கிவிட்டேன்மா. பாசிப்பருப்பை அவர் பயறு என்கிறார். மஞ்சள் கொத்து இல்லை, பச்சை மஞ்சள் கிழங்கு இருந்தது. முதல் பொங்கலா என்று கேட்டுவிட்டு, இரண்டு கிழங்கைப் பையில் போட்டார், காசு வாங்கவில்லை. குக்கர் காதில் நூலால் கட்டச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்தி, 6.28
😢

அப்பா, 6.29
நன்றி சொன்னாயா

நான், 6.29
சொன்னேன்பா

அண்ணி, 6.30
கரும்பு?

நான், 6.30
ஒரு முழம்தான் இருந்தது, அதை வாங்கவில்லை. என் கையில் மிச்சம் நான்கு யூரோ.

அம்மா, 6.31
கரும்பு இல்லாமல் எப்படி

அண்ணன், 6.31
அம்மா 😐

நான், 7.20
வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே மின் அடுப்பு, பால் பொங்கி வழிந்தால் புகை மணி அடிக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்கிறேன். இப்போது சொல்லுங்கள், 5.30ஆ 8.30ஆ?

பெரியப்பா, 7.21
8.40

அம்மா, 7.21
5.30

அத்தை, 7.22
இங்கே மணி பன்னிரண்டு ஆகிறது, எல்லோரும் தூங்குங்கள்

சித்தி, 7.25
[படம்]
இப்போதுதான் பரணிலிருந்து இறக்கினேன். அடி கொஞ்சம் கறுத்திருக்கிறது, புளி போட்டுத் தேய்த்துவிடுகிறேன். காலையில் எடுத்துக்கொண்டு வரட்டுமா அக்கா?

அம்மா, 7.31
ஆறு மணிக்குள் வா. கோலம் போட ஆள் வேண்டும்.