ஃபுட்பாலில் பெரிய பிளேயராக இருந்தவர் நல்ல கோச் ஆவாரா?

லெஃப்ட்பேக்_3:
நேற்று ராத்திரி ஆபீஸ் நண்பனோடு சண்டை. களத்தில் பெரிய ஆளாக இருந்தவன் சொன்னால்தான் பிளேயர்கள் கேட்பார்கள் என்பது அவன் கட்சி, அதற்கு அவன் காட்டுவது பிரான்ஸின் பழைய நட்சத்திரம் ஜிடான், கோச்சாக 2016, 2017, 2018 என்று ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டுக்கு வரிசையாக மூன்று சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப்களின் பெரிய கோப்பை). நான் அர்ஜென்டினாவுக்குக் கோச்சாக இருந்த மரடோனாவைச் சொன்னேன். 2009இல் லா பாஸில் பொலிவியாவிடம் 6-1 தோல்வி, அடுத்த வருஷம் உலகக் கோப்பை காலிறுதியில் ஜெர்மனியிடம் 4-0 தோல்வி, அதுவும் மெஸ்ஸியை வைத்துக்கொண்டு! "மரடோனா கணக்கில் வராது" என்கிறான். ஒரு கோச்சுக்கு அவருடைய பழைய ஆட்டம் உதவியா, உபத்திரவமா? நீங்களே சொல்லுங்கள்.

புல்தரை:
ஜிடான் கதையை எல்லோரும் 2016 ஜனவரியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன் 2013-14இல் அப்போதைய ரியல் கோச் ஆன்செலோட்டிக்கு உதவியாளராக பெஞ்சில் இருந்தார், அப்புறம் ஒன்றரை வருஷம் ரியலின் ரிசர்வ் அணியோடு மூன்றாம் டிவிஷன் மைதானங்களில் அலைந்தார். ஸ்பெயினின் பழைய மிட்ஃபீல்டர் சாபி அலோன்சோ மூன்று வருஷம் ரியல் சொசிடாட் கிளப்பின் பி அணிக்குக் கோச்சாக இருந்துவிட்டுத்தான் ஜெர்மனியின் லெவர்குசனுக்குப் போனார், 2023-24இல் ஒரு தோல்விகூட இல்லாமல் புண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) ஜெயித்தார். இத்தாலியின் பழைய நட்சத்திரம் பிர்லோவைப் பாருங்கள். 2020 ஜூலை 30 அன்று இத்தாலிய கிளப் யுவென்டஸின் அண்டர்-23 கோச், ஆகஸ்ட் 8 அன்று சீனியர் அணிக்கே கோச்! ஒன்பது வருஷம் விடாமல் லீக் ஜெயித்த கிளப் அந்த சீசனில் நாலாவது, அந்த நாலாவது இடமும் கடைசி நாளில் அதே இடத்துக்குப் போட்டியிட்ட நாப்போலி டிரா செய்த புண்ணியத்தில் வந்தது. (இத்தாலியக் கோப்பை ஜெயித்தார், அதை மறுக்கவில்லை.) யாரும் பார்க்காத இடத்தில் தப்புப் பண்ணிப் பழகினாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஆஃப்சைடு:
ஜெர்மனியின் பழைய கேப்டன் பெக்கன்பவர் எங்கே பழகினார் ப்ரோ? 1984இல் மேற்கு ஜெர்மனி அணி கைக்கு வந்தபோது கோச்சிங் லைசென்ஸே கிடையாது, அதனால் பதவிக்கே வேறு பேர் வைத்தார்கள். 1986இல் ஃபைனல், 1990இல் கோப்பை.

புல்தரை:
சரி, அங்கே மாட்டிக்கொண்டேன்.

ராயபுரம்_கீப்பர்:
எங்கள் காலேஜ் கோச் மாநில அணிக்கு ஆடியவர். ஃப்ரீ கிக் எப்படி அடிப்பது என்று கேட்டால் பந்தை வைத்து ஒன்று விடுவார், எல்லார் தலைக்கு மேலும் வளைந்து போய் போஸ்ட்டுக்குள் இறங்கும், "பார்த்தியா, அவ்வளவுதான்" என்பார். எங்களுக்கு ஒரு மண்ணும் புரியாது, நாங்கள் அடித்தால் ஹாஸ்டல் மாடிக்குப் போகும். அடுத்த வருஷம் வந்த பி.டி. சாருக்கு பத்தடி ஓடினாலே மூச்சு வாங்கும். ஆனால் ஓரமாகக் கழற்றி வைத்த எங்கள் செருப்புகளை எடுத்துத் தரையில் பரப்பி, பந்து இந்தப் பக்கம் போனால் நீ இங்கே வரணும், அவன் உன் இடத்துக்கு வரணும் என்று ஒவ்வொரு செருப்பாக நகர்த்திக் காட்டுவார். அந்த வருஷம்தான் நாங்கள் கோல் வாங்குவது குறைந்தது. போஸ்ட்டில் நின்றவன் சொல்கிறேன், நம்புங்கள்.

மெரினா_விங்கர்:
நம்ம ஊர் கணக்கை விட்டுவிட்டீர்களே. 2015 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனலில் சென்னையின் எஃப்.சி. பெஞ்சில் கோச்சாக இத்தாலியின் மாத்தராசி (2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிடான் தலையால் முட்டியது இவர் மார்பில்தான்), கோவா பெஞ்சில் பிரேசிலின் பழைய நட்சத்திரம் ஜீகோ. கோவா 2-1 முன்னிலை, நான் டிவியை அணைக்கப் போனேன், அந்தக் கடைசி நிமிஷங்களில் அவர்கள் கீப்பரே ஒரு ஓன் கோல், அப்புறம் நம்ம மெண்டோசா ஒன்று, 3-2, கோப்பை நமக்கு. அடுத்த சீசனிலும் அதே இரண்டு பேர்தான் கோச். எட்டு அணிகளில் சென்னை ஏழாவது, கோவா எட்டாவது.

லெஃப்ட்பேக்_3:
செருப்புக் கதையை மட்டும் அவனுக்கு அனுப்பினேன். "ஜிடானுக்குப் பதில் அந்த பி.டி. சாரை அன்றைக்கு மாட்ரிட்டுக்கு அனுப்பியிருந்தால், ரொனால்டோ செருப்பைக் கழற்றிக் கொடுத்திருப்பானா?" என்கிறான்.