மார்ட்டின் கார்ட்னரை நாத்திகர் என்று எழுதுவது அஞ்சலியா?

நுண்ணோக்கி: மறைந்த ஐயவாதிகளுக்கு, அதாவது ஆதாரமின்றி எதையும் ஏற்காதவர்களுக்கு, வால்மீன் எழுதியுள்ள அஞ்சலியில் வானியலாளர் கார்ல் சேகன், மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் மூவரையும் ‘கடைசிவரை கடவுளை மறுத்தவர்கள்’ என்று ஒரே வரியில் அடைத்திருக்கிறார். கார்ட்னர் கடவுளை நம்பியவர். தாம் ஏன் நாத்திகர் அல்லர் என்று விளக்குவதற்காகவே, 1983இல் வெளிவந்த தம் தத்துவ நூலில் ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியவர். 2010 மே மாதம் 95ஆம் வயதில் இறந்துபோன ஒருவரை, அவரே மறுத்த அடையாளத்தைச் சூட்டிப் போற்றுவது அவமதிப்பு.

வால்மீன்: 1952லேயே போலி அறிவியலைத் தோலுரித்து நூல் எழுதியவர், 1976இல் ஐயவாதிகள் அமைப்பு ரீதியாகத் திரண்டபோது முன்வரிசையில் நின்றவர் கார்ட்னர். அத்தனை உழைப்பையும் விட்டுவிட்டு ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். அவர் நம்பிய கடவுள் எந்த மதத்துக்கும் உரியவர் அல்லர். அற்புதங்களை அவர் ஏற்கவுமில்லை. நடைமுறையில் அவர் நம்மவரே.

நுண்ணோக்கி: ‘நம்மவர்’ என்று உரிமை கொண்டாடும் அந்தப் பழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன். பிரார்த்தனையிலும் மறுமையிலும் நம்பிக்கை வைத்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். வாதம் என்று வந்தால் நாத்திகர்களின் பக்கமே வலுவானது என்று ஒப்புக்கொண்ட பிறகும், மன ஆறுதலுக்காக நம்புகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்ன நேர்மை அவருடையது. அந்த நேர்மையை அழித்துவிட்டு எழுதப்படும் அஞ்சலி யாருக்கு?

அளவுகோல்: ஆறுதலுக்காக நம்புவதை நேர்மை என்று புகழ்வது எனக்கு விளங்கவில்லை. டயனெடிக்ஸ் என்ற போலி மனச் சிகிச்சை, நிலத்தடி நீரைக் குச்சியால் கண்டறிதல், கண்ணாடியைத் தூக்கியெறியச் சொல்லும் கண் பயிற்சி ஆகியவற்றை நம்பியவர்களும் ஆறுதலுக்காகவே நம்பினார்கள். அவர்களிடம் ஆதாரம் கேட்டவர் தமக்கு மட்டும் சலுகை எடுத்துக்கொண்டார். அவர் நாத்திகர் அல்லர் என்றால் அந்தப் பட்டியலில் இடம்பெறவே தகுதியற்றவர்.

நுண்ணோக்கி: சோதித்துப் பார்க்கத்தக்க கூற்றுகளை முன்வைத்தவர்களிடம்தான் அவர் ஆதாரம் கேட்டார். தம் கடவுளுக்கு ஆதாரம் இருப்பதாக அவர் ஒருபோதும் கூறவில்லை. அந்த 1983 நூலைப் புனைபெயரில் தாமே கடுமையாகத் தாக்கி மதிப்புரை எழுதி வெளியிட்டவர் அவர். தம் கருத்துகளை அந்த அளவுக்கு உரசிப் பார்த்தவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்க நீங்கள் யார்? ராண்டி மறைந்த 2020இலும் நீங்கள் இப்படித்தான் தகுதிச் சான்றிதழ் வழங்கிக்கொண்டிருந்தீர்கள்.

அளவுகோல்: ராண்டியை இங்கே இழுக்க வேண்டாம். இயற்கையை மீறிய ஆற்றலை நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்து, அதை யாரும் வெல்லாமல் பார்த்துக்கொண்ட அவருடைய சோதனை முறையைப் பற்றி அன்று நான் கேட்ட கேள்விக்கு உங்களிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

வால்மீன்: ‘வெல்லாமல் பார்த்துக்கொண்ட’ என்பது அவதூறு. சோதனை விதிகளுக்கு இரு தரப்பும் முன்கூட்டியே சம்மதித்தாக வேண்டும் என்பதே அந்தப் பரிசின் அடிப்படை.

கணக்காயர்: கட்டங்களில் எளிய விதிகளின்படி உருவங்கள் தோன்றி மறையும் கணித விளையாட்டான, கணித அறிஞர் ஜான் கான்வேயின் ‘உயிர் ஆட்டத்தை’ 1970இல் உலகுக்குக் கொண்டுசென்றது கார்ட்னர் இதழில் எழுதிய கணிதப் பத்தி. கணிதத்தில் பட்டம் பெறாத ஒருவர், கால் நூற்றாண்டு எழுதிய அந்தப் பத்தியால் ஒரு தலைமுறைக் கணித அறிஞர்களை உருவாக்கினார். அதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்கூடப் பேசவில்லையே.

நுண்ணோக்கி: அந்தப் பெருமையை யாரும் மறுக்கவில்லை, அதற்கு இது இடமுமில்லை. பேச்சு அவருடைய நம்பிக்கையைப் பற்றியது. சேகனும் தம்மை நாத்திகர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. கடவுள் இல்லை என்று உறுதியாகச் சொல்லத் தமக்கு ஆதாரம் போதாது என்பதே அவர் நிலை. 1996இல் அவர் இறந்தபோது, மரணப் படுக்கையில் மனம் மாறவில்லை என்று அவருடைய மனைவி ஆன் ட்ரூயன் எழுத வேண்டியிருந்தது. ஒரு தரப்பார் இறந்தவரை ஆத்திகராக்குவதைக் கண்டு கொதிக்கும் நாம், மறுபக்கம் அதையே செய்யலாமா? அந்த வரியில் மூன்று பேரில் இருவர் தவறு, வால்மீன்.

வால்மீன்: சேகனை வைத்து இப்போது புதுக் கணக்கு போடுகிறீர்கள். படைத்தவர் ஒருவர் தேவையில்லை என்பதைத்தான் அவருடைய எழுத்து முழுவதும் சொல்கிறது. அந்த வரியை மாற்ற மாட்டேன்.

நுண்ணோக்கி: எந்த எழுத்தில், எந்தப் பக்கத்தில்? மேற்கோளைக் காட்டுங்கள். கார்ட்னருக்கும் சேர்த்துக் காட்டுங்கள்.