மாதுளைத் தோல் குப்பைக்கா, சமையலறைக்கா?

அல்சூர்வாசி:
நேற்றிரவு எங்கள் தெருமுனைப் பழச்சாறுக் கடையில் ஷட்டர் இறங்கும் நேரத்தில், இரண்டு கோணிப்பை நிறைய மாதுளைத் தோல் காலைக் குப்பை ஆட்டோவுக்காகக் காத்திருந்ததைப் பார்த்தேன். பழத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தோல்தான் என்பதும், பியூனிகாலஜின் முதலிய ஆன்டிஆக்சிடன்ட்கள் (காற்றுபட்டுக் கெடுவதைத் தடுக்கும் பொருள்கள்) நாம் குடிக்கும் சாற்றைவிட அதில்தான் செறிந்திருக்கின்றன என்பதும் தெரிந்தால், அந்தக் கோணியைக் குப்பை என்று சொல்ல மனம் வராது. உலர்த்திப் பொடித்து வீட்டிலேயே பயன்படுத்தலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

மல்லேஸ்வரத்தார்:
மறுக்கிறேன், ஐயா. பூச்சிமருந்து முதலில் விழுவது தோலில்தான். பாக்டீரியக் கருகலுக்கு அஞ்சி அடிக்கடி தெளிக்கப்படும் பயிர் மாதுளை. போதாததற்கு, அத்தோலின் துவர்ப்புப் பொருளான டானின் உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சோகை மிகுந்த நம் வீடுகளுக்கு இது வேண்டாத வேலை. செறிவாகக் கொடுத்தால் நன்மையும் செறிவாகும் என்ற கணக்கே பிழை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட்டை 20 மில்லிகிராம் மாத்திரையாகப் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 விழுக்காடு கூடியது.

அல்சூர்வாசி:
மாத்திரையில் நேர்ந்ததைப் பொடியின் தலையில் கட்டுகிறீர்கள். நான் தோல் பொடியால் காக்கச் சொல்வது உடம்பை அல்ல, காறிப்போகாமல் எண்ணெயை. கடை மிக்சர் பொட்டலத்தின் பின்புறம் 319 என்று இருந்தால் அது டிபிஹெச்க்யூ, எண்ணெய் காறாமலிருக்கச் சேர்க்கும் செயற்கைப் பொருள். எண்ணெயில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை நம் சட்டம் அனுமதிக்கிறது. அதே வேலைக்கு ரோஸ்மேரி என்ற மூலிகை இலையின் சாற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் 392 என்ற எண்ணுடன் ஏற்றுக்கொண்டது. இலைக்குக் கிடைத்த இடம் தோலுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

செக்கடி:
இருவரும் நல்லெண்ணெயை மறந்துவிட்டீர்கள். தர்மபுரியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய செக்கு நல்லெண்ணெயும் இங்கே வாங்கிய சூரியகாந்தி எண்ணெயும் என் அடுப்பு மேடையில் ஒன்றாகத் திறந்து நின்றன. சூரியகாந்தி காறல் வாடை அடித்த பிறகும் நல்லெண்ணெயின் மணம் கெடவில்லை. எள்ளிலுள்ள செசமோலின் சூடுபடும்போது செசமோலாக மாறி எண்ணெயைக் காக்கிறது. ஊறுகாய்க்கு நம்மவர்கள் பிடிவாதமாக நல்லெண்ணெயையே ஊற்றியது ருசிக்காக மட்டும் இல்லை.

மல்லேஸ்வரத்தார்:
அதை ஒப்புக்கொள்கிறேன், எள்ளிலிருந்து தனியே எதையும் பிரித்தெடுக்க வேண்டியதில்லை. தோலுக்கோ சத்தைப் பிரித்தெடுக்கக் கரைப்பானும், மருந்தின் எச்சம் பார்க்க ஆய்வகமும் வேண்டும். ஆலையில் நடக்க வேண்டியதைப் பால்கனியில் நடத்த முடியாது. வீட்டில் நம்மால் ஆவது, கத்தரிக்காயின் ஊதாத் தோலைச் சீவாமலும் கறிவேப்பிலையை இலையோரம் ஒதுக்காமலும் இருப்பதுதான். (என் பேரனின் தட்டைப் பார்த்தவர்கள், இதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்பார்கள்.)

அல்சூர்வாசி, ஆறு நாள் கழித்து:
ஒரு தாம்பாளத்தில் தோலைப் பரப்பி வைத்தேன். ஆடிச் சாரலில் நான்காம் நாளே பூஞ்சை பூத்து, உரத்தொட்டிக்குப் போய்விட்டது. பால்கனி விஷயத்தில் மல்லேஸ்வரத்தார் வென்றார். ஆனாலும் மாசி வெயிலுக்கு ஒரு பை எடுத்து வைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். எச்சப் பரிசோதனைக்கு ஆகும் செலவைப் பகிர்ந்துகொள்ள யாரேனும் முன்வருவீர்களா?