அப்டேட்: மேனுவல் மோடு கத்துக்கிட்டது வீண் போகல

ரெண்டு வாரம் முன்னாடி கேட்டிருந்தேன்ல, கேமரா வாங்கி மூணு மாசம்தான் ஆகுது, மேனுவல்ல எக்ஸ்போஷர் (படத்துக்கு எவ்ளோ வெளிச்சம்ங்கறது) நாமளே வைக்க கத்துக்கணுமா இல்ல ஆட்டோவே போதுமான்னு. பாதி பேர் கத்துக்கோன்னீங்க, பாதி பேர் அப்பர்ச்சர் மோடே (லென்ஸ் திறப்ப நாம வச்சா ஷட்டர் வேகத்த கேமராவே பாத்துக்கும்) போதும்னீங்க.

போன ஞாயிறு காலைல வேடந்தாங்கல் போனேன். நல்ல வெயில், கரும்பச்சை மரத்துல வெள்ளைக் கொக்கு, ஆட்டோல எடுத்தா உடம்பே வெளிறிப்போய் ஒரு இறகு கூட தெரியல, அதே கொக்கு பறந்து வானத்துக்கு எதிர வந்ததும் கருப்பு நிழலா ஆயிடுச்சு. வெளிச்சத்த அளக்கற கேமரா மீட்டருக்கு எது கொக்கு எது மரம்னு தெரியாது, ஃப்ரேம்ல இருக்கறத எல்லாம் சேத்து நடுத்தர சாம்பலா கொண்டுவரப் பாக்குது. ஆனா கொக்கு மேல விழற வெயில் மாறவே இல்லயே! எம் மோடுல, அதான் மேனுவல்ல, ஷட்டர் 1/1600 செகண்ட், அப்பர்ச்சர் எஃப் 6.3, ஐஎஸ்ஓ (சென்சார் உணர்திறன்) 400 வச்சு, ஹிஸ்டோகிராம் (படத்தோட வெளிச்சத்தக் காட்டற கிராஃப்) வலது ஓரத்துல முட்டலன்னு, அதாவது வெள்ளை வெளிறிப்போகலன்னு பாத்துக்கிட்டேன், அப்புறம் மேகம் வர்ற வரைக்கும் டயலத் தொடவே இல்ல. வீட்டுக்கு வந்து ஜூம் பண்ணி பாத்தா கழுத்துல இறகு ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது, அவ்ளோ சந்தோஷம்.

அப்பர்ச்சர்னு சொன்னவங்களும் தப்பில்ல. அக்கா பசங்க வீட்டுக்குள்ளயும் வாசல்லயும் மாறி மாறி ஓடறப்ப மேனுவல்ல பாதி போட்டோ போச்சு, அங்க அப்பர்ச்சரும் ஆட்டோ ஐஎஸ்ஓவும்தான் கைகொடுத்துச்சு.

ஸ்பாட் மீட்டரிங் (ஃப்ரேம்ல ஒரு சின்ன இடத்த மட்டும் வச்சு வெளிச்சம் அளக்கறது) பத்தி சொன்ன அண்ணாவுக்கு ரொம்ப நன்றி, அடுத்து அதத்தான் முயற்சி பண்ணப் போறேன்.