குரோஷாவில் மோட்டிஃப்: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

கொக்கியால் நூலைப் பின்னும் குரோஷாவில் மோட்டிஃப் என்று வழங்கும் சிறு பின்னல் துண்டுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பத்து நாட்களாக இந்த உரையாடல் இழையில் பேசிவருகிறோம். மையக்கரு, அலங்கார உருக்கூறு, பின்னற்பூ, சில்லு, கண்ணி என ஐந்து சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. மேற்கு மாம்பலத்தில் என் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்குக் குரோஷா சொல்லித் தருகிறேன். அவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடும் எழுதி வருகிறேன். ஆகவே இந்தச் சொல் எனக்கு நாள்தோறும் வேண்டியிருக்கிறது. சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும்.

மையக்கருவை நானே பயன்படுத்திப் பார்த்தவள். கதையிலும் ஓவியத்திலும் மீண்டும் மீண்டும் வரும் கூறுக்கு அந்தச் சொல் பழகியிருப்பதால், கையேட்டின் முதல் படியில் அதையே எடுத்தாண்டேன். 'மேசை விரிப்புக்கு 36 மையக்கருக்கள் பின்னி எடுத்து வரவும்' என்ற வரியைப் படித்துவிட்டு, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் அடுத்த வாரம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் 36 குட்டி வளையங்களைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. பூவின் நடுவில் வரும் வளையம்தானே மையம், அதுதானே கரு என்று, அதை மட்டும் அத்தனை ஒழுங்காகப் போட்டு நூலை அறுத்து முடிந்திருந்தார். ஒரு வாரத்து மாலைப் பொழுதுகள் அதில் போயிருக்கின்றன. பிழை முழுவதும் என் சொல்லினுடையது. அன்றிலிருந்து, ஒரு கலைச்சொல்லை எழுதும் முன், அதைக் கேட்டவர் கை என்ன செய்யும் என்று யோசிக்கப் பழகியிருக்கிறேன்.

பெயர் வைக்கும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம். கொக்கியால் நூலை வளைவுக்குள் வளைவாக இழுத்து ஆறு சங்கிலி போட்டு, அதன் தொடக்கத்தில் கொக்கியை நுழைத்து இழுத்தால் ஒரு வளையம் கிடைக்கும். அங்கிருந்து மூன்று சங்கிலி மேலே எழுப்ப வேண்டும். அது ஒரு தூணுக்குச் சமம் (உயரமாக எழுந்து நிற்கும் பின்னலைத் தூண் என்கிறேன்). வளையத்துக்குள் இன்னும் இரண்டு தூண்கள் போட்டால் மூன்று தூண் கொண்ட ஒரு கொத்து. மூலைக்கு மூன்று சங்கிலி, மறுபடி ஒரு கொத்து, மறுபடி மூலை என்று நான்கு முறை சுற்றி வந்தால், வட்டமாகத் தொடங்கியது சதுரமாகத் திரும்பியிருக்கும். இப்படி இரண்டு மூன்று சுற்றுகள் முடிந்ததும் நூலை அறுத்து, கடைசிக் கண்ணியின் வழியே இழுத்து முடிந்துவிட்டால், அந்தத் துண்டு வேறு எதையும் நம்பியிராமல் உள்ளங்கையில் வந்து உட்காரும். 10ஆம் எண் நூலில் போட்டால் ஒன்றையே தேநீர்க் கோப்பையின் அடியில் வைக்கலாம். அதைவிட மெல்லிய 40ஆம் எண் நூலுக்கு மாறினால் அது காதணியாகும். முடிப்பட்டையில் ஒன்று, சாவிக்கொத்தில் ஒன்று, வாசல் தோரணத்தில் பதினொன்று என்று, எண்ணி எடுத்துவைக்கிற பொருள் அது.

எண்ணி எடுத்துவைக்கிற பொருள் என்பதுதான் என் வாதத்தின் ஆணிவேர். மோட்டிஃப் என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பொருள்களுக்கு வழங்குகிறார்கள். ஒன்று, துணியின்மேல் கண்ணுக்குத் தெரியும் உருவம். மற்றொன்று, தனியே செய்து முடித்த துண்டு. காஞ்சிபுரத்து நெசவாளர் புட்டா என்று சொல்வது முதல் வகை. மயிலோ அன்னபட்சியோ புடவையின் பாவோடும் ஊடையோடும் சேர்ந்தே பிறக்கிறது. அதைப் பிரித்து எடுத்து மேசையில் வைக்க முடியாது. குரோஷாத் துண்டோ முதலில் பிறந்துவிட்டு, பிறகுதான் எதில் சேர்வது என்று முடிவாகிறது. ஆகவே அலங்கார உருக்கூறு என்பது புட்டாவுக்கு வேண்டுமானால் பொருந்தும்; நாம் தேடுவது துண்டின் பெயரை.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வாட்டியபோது பல குடும்பங்களுக்குக் குரோஷா கூலி தந்தது. அந்தப் பாணியில் ரோசாவையும் இலையையும் தனித்தனியே பின்னி, வரைபடத்தின்மேல் அடுக்கி, இடைவெளியை வலைபோலப் பின்னி நிரப்புவார்கள். நம் பக்கத்து ஆந்திரத்தில் நரசாபூரிலும், பூக்களைப் பின்னுவது ஒருவர் வேலை, அவற்றை இணைப்பது வேறொருவர் வேலை என்று தொழில் பிரிந்திருக்கிறது. அந்த நரசாபூர் குரோஷாவுக்கு 2024இல் புவிசார் குறியீடு வழங்கிய பதிவகம் நம் கிண்டியில்தான் இருக்கிறது. நம் ஊரிலேயே 2016 ஜனவரி 31 அன்று, தனித்தனியே பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையைப் பெண்கள் விரித்து, உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வை என்று கின்னஸ் சாதனை படைத்தார்கள். துண்டைச் செய்பவருக்கும் அதைக் கோப்பவருக்கும் நடுவே கைமாறுகிற பொருளுக்கு, இருவரும் ஒரே மாதிரி எண்ணக்கூடிய பெயர் வேண்டாமா?

பின்னற்பூ எனக்கு மிகவும் பிடித்த சொல். என் வகுப்பில்கூட 'இன்னிக்கு எத்தனை பூ போட்டீங்க?' என்றுதான் பேச்சு. ஆனால் கையேட்டில் இலையும் நட்சத்திரமும் இதயமும் அறுகோணமும் வருகின்றன. 'இலைவடிவப் பின்னற்பூ' என்று எழுதும்போது பேனா தயங்குகிறது. பேச்சில் பூ இருக்கட்டும். பூ வடிவத்தில் இருப்பதற்கு மட்டும் எழுத்திலும் அதுவே நிற்கட்டும். சில்லு உடைந்த பொருளின் பெயர். ஆதலால் அதை விட்டுவிடலாம்.

கண்ணியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதைப் பரிந்துரைத்தவர் பூச்சரத்தையும் பாட்டின் கண்ணியையும் நினைவூட்டியிருந்தார்; படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் அந்தச் சொல்லை நாம் இன்னும் அடிப்படையான ஒன்றுக்குக் காப்பாற்றி வைக்க வேண்டும். கொக்கியில் எப்போதும் தங்கி நிற்கும் அந்த ஒற்றை நூல்வளைவு இருக்கிறதே, அதுதான் கண்ணி. வலைக்கும் பறவை பிடிக்கும் சுருக்குக்கும் அதே பெயர்தானே? பல தமிழ்க் காணொளிகளில் இதைத் தையல் என்று சொல்கிறார்கள். துணியும் இல்லை, துணியைத் துளைக்கும் ஊசியும் இல்லை. தையல் எங்கிருந்து வரும்? இதை நாம் இப்போதே பிரித்து வைக்காவிட்டால், ஆங்கிலத்தில் நேர்ந்த குழப்பம் நமக்கும் நேரும். அமெரிக்காவில் 'சிங்கிள் குரோஷே' என்பதை இங்கிலாந்தில் 'டபுள் குரோஷே' என்கிறார்கள். இரண்டு நாட்டு வடிவக் குறிப்புகளையும் இணையத்திலிருந்து எடுத்துப் பின்னுகிற நம் பெண்கள், விரிப்பு எதிர்பார்த்த அளவில் வராமல் பாதியைப் பிரிப்பது இதனால்தான். உயரமாக எழுந்து நிற்கும் கண்ணியை நான் தூண் என்று சொல்லித் தருகிறேன். ஜெர்மானியரும் அதைச் சிறுகோல் என்ற பொருளில்தான் வழங்குகிறார்கள். தூண் என்றால் எந்த நாட்டுக் கணக்கும் குறுக்கே வராது.

குரோஷா என்ற பெயரையே கொக்கிப்பின்னல் என்று மாற்ற வேண்டும் என நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்றே பொருள் என்பதால் மொழிபெயர்ப்பில் குற்றமில்லை. ஆனால் போர்த்துகீசியரிடமிருந்து சாவியையும் ஜன்னலையும் அலமாரியையும் எடுத்துக்கொண்ட மொழி இது. லேஸ் பின்னலுக்கு ரேந்தை என்ற சொல்லும் அவர்கள் வழியாக வந்ததுதான். இலங்கைத் தமிழர் வீடுகளில் அது இன்றும் புழங்குகிறது. குரோஷா இரண்டு மூன்று தலைமுறைப் பெண்களின் வாயில் உருண்டு நம் சொல்லாகிவிட்டது. அதைத் தொடாமல், பெயரே இல்லாத இடங்களுக்குப் பெயர் தேடுவோம் என்பது என் வேண்டுகோள்.

இப்போது என் பரிந்துரை: வில்லை. கற்பூர வில்லை, சந்தன வில்லை என்று கையில் எடுக்கும் அளவான, தட்டையான, தனியான பொருளை நாம் வில்லை என்கிறோம். பழைய அலுவலகங்களில் பித்தளை அடையாளத் தகடு அணிந்த ஊழியர் வில்லைச் சேவகன். வில்லை என்றால் வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரேனும் தடை சொல்லலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியவர்களுக்கு, வில்லைக்கு மூலைகளும் உண்டு என்று தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக ஜடைவில்லை இருக்கிறது. மயிலாப்பூர் மாடவீதிகளில் நாட்டிய நகை விற்கும் கடையில் நின்று பார்த்தால், பின்னலின் நீளத்துக்கு ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிக்க வேண்டிய வட்டத் தகடுகளைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். தனித்தனியே செய்து, அழகுக்காகக் கோக்கும் துண்டு என்ற நம் பொருள் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

வெறும் வில்லை என்றால் இலங்கைப் பாடநூல்களில் கண்ணாடி லென்சையும் குறிக்கும் என்பதால் ஓர் அடைமொழி வேண்டும். பின்னல்வில்லை என்று எழுதினால், இதை ஜடையில் வைப்பதா என்ற கேள்வி உடனே வரும். ஆகவே நூல்வில்லை என்று முன்மொழிகிறேன். சதுர நூல்வில்லை, இலை நூல்வில்லை, ஓர நூல்வில்லை என்று எல்லா வடிவத்தோடும் சேர்கிறது. 'இன்னும் நாலு வில்லை போட்டா முடிஞ்சிடும்' என்று வாயிலும் வருகிறது. குறைகளைத் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

மறுமொழி, பெரம்பூரிலிருந்து

அன்புள்ள அம்மையீர்,

வில்லை மிகவும் பொருத்தம். ஜடைவில்லையைப் படித்தவுடன் என் துணைவியாரிடம் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார். நூல் என்ற அடைமொழியில்தான் எனக்குத் தடை இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூலகத்தில் பணிபுரிந்தவன் நான். நூல்வில்லை என்று கேட்டால் புத்தகத்தின் முதுகில் எண் எழுதி ஒட்டும் சிட்டைதான் எனக்குத் தோன்றும். என்னைப் போன்றவர்களுக்கெல்லாம் அப்படியே தோன்றும். உங்கள் பழைய கையேட்டில் மையக்கரு செய்த வேலையை இது எங்களிடம் செய்துவிடும்.

இழைவில்லை என்று வைத்தால் என்ன? இழை என்றால் நூல். பட்டு இழை, கம்பளி இழை என எதற்கும் பொருந்தும். இழைத்தல் என்றால் நுணுக்கமாகச் செய்தல். 'இழைத்து இழைத்துச் செய்திருக்கிறார்' என்று ஒரு கைவேலையைப் பாராட்டுகிறோம். இன்னும் ஒன்று: பழந்தமிழில் இழை என்பது அணிகலனுக்கும் பெயர். ஆயிழை, சேயிழை என்று குறளின் காமத்துப்பாலில் வரும் சொற்களுக்கு நகை அணிந்தவள் என்றே பொருள். காதணியாகவும் தோரணமாகவும் ஆகப்போகும் ஒரு நூல்துண்டுக்கு, நூலையும் நகையையும் ஒருங்கே குறிக்கும் சொல் கிடைக்கும்போது அதை விடலாமா?

மறுமொழி, மேற்கு மாம்பலத்திலிருந்து

மதிப்பிற்குரிய ஐயா,

விட முடியாது. சேயிழையைப் பள்ளியில் மனப்பாடமாகப் படித்திருக்கிறேன். அதிலுள்ள இழையும் என் கையிலுள்ள இழையும் அடுத்தடுத்து இருப்பதை நீங்கள் சொல்லித்தான் கண்டேன். நூல்வில்லையைத் திரும்பப் பெறுகிறேன். இழைவில்லை என்பதையே குழுமம் ஏற்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் ஐயத்தையும் தீர்த்துக்கொண்டேன். ழகரமும் லகரமும் அடுத்தடுத்து வருவதால் வேகமாகச் சொல்லும்போது நாக்கு தடுமாறுமோ என்று, இன்று காலை நூல்கண்டு பிரித்துக்கொண்டே இருபது முறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன், தடுமாறவில்லை. வகுப்பில் சுருக்கமாக வில்லை என்றே வழங்குவார்கள், அதில் தவறில்லை.

வில்லைகளை முடித்தபின் இணைப்பது, பின்னும்போதே கடைசிச் சுற்றில் இணைத்துக்கொண்டு போவது என இரண்டு முறைகள் உண்டு. அவற்றின் பெயர்களைத் தனி உரையாடல் இழையில் பேசலாம். கையேடு வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'மேசை விரிப்புக்கு 36 இழைவில்லைகள் பின்னி எடுத்து வரவும்' என்று திருத்திவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் அருகில் மோட்டிஃப் என்றும் போட்டு, நூலை அறுத்து முடிந்த ஒரு முழு வில்லையின் படத்தை அதே பக்கத்தில் அசல் அளவிலேயே சேர்த்திருக்கிறேன்.