முதுமலைக்கு எந்த லென்ஸ்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பம். அடுத்த மாதம் தங்கையோடு முதுமலை போகிறேன். தெப்பக்காட்டில் வனத்துறை வேனில்தான் சஃபாரி.

இதுவரை ஊசுட்டேரியிலும் பிச்சாவரத்திலும் பறவைகளைத்தான் எடுத்திருக்கிறேன். கையில் இருப்பது 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ். 300-இல் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, 5.6-க்கு மேல் திறக்காது (எண் கூடக் கூடத் துளை சிறியது, படம் இருட்டு). ஏரியில் நல்ல வெயில் இருக்கும், அது போதும். காட்டில் விடிந்தும் விடியாத நேரத்தில், மர நிழலில் ஒரு காட்டெருமை நின்றால் என்ன செய்வது? பழகிப் பார்க்கலாம் என்று கெடிலம் கரையில் விடியற்காலையில் எருமைகளை எடுத்தேன். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200-க்கு ஏற்றியதற்கே கறுப்புத் தோல் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ். கண்ணில் இருக்கும் ஒளிப்பொட்டுகூடத் தெளிவாக இல்லை.

150-600 வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார்கள். ஆனால் 600-இல் அது 6.3, இன்னும் இருட்டு. அதைவிட 2.8 வரை திறக்கும் 70-200 எடுத்துவிட்டு தூரத்தை விட்டுக்கொடுப்பது நல்லதா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. புதுச்சேரியில் நம்பிக்கையாக வாடகைக்குத் தரும் கடை எது?

அப்புறம், விலங்கைக் கண்டதும் வேன் எஞ்சினை அணைப்பார்களா? ஜன்னல் விளிம்பில் லென்ஸைத் தாங்கும் பீன் பேக் பை வைக்க இடம் இருக்குமா? தங்கைக்கு யானை பார்க்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. காலை சஃபாரியா மாலையா, எது நல்லது என்றும் சொல்லுங்கள்.