இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு மொத்தப் பணமா, மாதப் பென்ஷனா?

ஹட்டன் ராஜா:
ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) மொத்தமாக வருது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் ஒரு வருஷத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது. அந்தக் காசு வங்கியில் அப்படியே கிடக்க, அதில் வாங்கக்கூடிய அரிசி குறைஞ்சு போச்சு. ஈ.பி.எஃப்.ஐ மாதப் பென்ஷனா மாத்தணும்.

மஸ்கெலியா செல்வி:
அண்ணே, தொகையை நிலையா வச்சா பென்ஷனும் கரையும். ஓட்டை அதுக்கு முன்னாடியே இருக்கு. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு ஈ.பி.எஃப்.இல் தொழிலாளி 8, தோட்டம் 12 வீதம் கட்டணும், ஆக 200 ரூபா. மாதம் 25 பேர் (ஒரு பேர்னா ஒரு நாள் வேலைப் பதிவு) போட்டா 5,000. 12 பேர்னா 2,400. பறிக்கிற கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப் பேர்தான். பேர் போடாம, கிலோவுக்குக் கைக்காசு வாங்கி எடுக்கிற கொழுந்துக்கு அதுவும் கிடையாது.

பதுளைத் தம்பி:
வேலையை விட்டுப் போகும்போது தோட்டம் தர்ற சேவைக்காலப் பணத்தை (கிராஜுவிட்டி) ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருஷம் முடிச்ச நாட்கூலி ஆளுக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியா வாங்கின வீதத்தில். 30 வருஷத்துக்கு 420 நாள். 1,000 ரூபாவில் 4,20,000. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ஆனதும் அதே 30 வருஷம் 5,67,000! சம்பளம் ஏறினா பழைய வருஷங்களும் சேர்ந்து ஏறுது. ஈ.பி.எஃப்.இல் அது இல்லை, கட்டின காசும் வட்டியும்தான். பென்ஷன் கேட்டா, நடப்புச் சம்பளத்தோட கட்டிக் கேளுங்க.

ஹட்டன் ராஜா:
அந்தக் கணக்கை ஏத்துக்கிறேன். ஆனா மொத்தமா வந்தா பிள்ளைகளோட கடனுக்கே போயிடுது, அதனாலதான் மாதாமாதம் கேட்கிறேன். நெருக்கடியில் கேட்கக்கூடாதுன்னு சொல்றவங்களுக்கு ஒன்று: 1930களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் டவுன்செண்ட் என்ற டாக்டர், 60 தாண்டினவங்களுக்கு மாதம் 200 டாலர், 30 நாளுக்குள் செலவழிக்கணும்னு கேட்டார். அது நிறைவேறலை. ஆனா ஓய்வூதியச் சட்டம் 1935இல், மந்தத்துக்கு நடுவிலேயே வந்துச்சு.

மஸ்கெலியா செல்வி:
அந்தச் சட்டம் விவசாயக் கூலிகளை வெளியே விட்டுச்சு, அண்ணே. 1950 திருத்தத்தில்தான் அவங்களில் ஒரு பகுதி உள்ளே வந்தாங்க. நம்ம கைக்காசு ஆட்களுக்கும் அதுதான் நடக்கும். முதல்ல அந்த நாட்களும் செக்ரோலில் (தோட்டத்து வேலைநாள் பதிவேட்டில்) ஏறணும். அடையாள அட்டையில் 'லெட்சுமி', ஈ.பி.எஃப். பதிவில் 'லச்சுமி'ன்னு இருந்தாலே காசு எடுக்கப் போகும்போது அலைச்சல். வேலையில் இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்க.